பொதுக் கழிப்பிடமும் நம் தன்மானமும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மேல்பட்டாம்பாக்கத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள நம் சங்கத்தின் விழாவில் உரையாற்றுமாறு பணிக்கப்பட்டபோது, உதவித்தொகை, இட ஒதுக்கீடு, போட்டித் தேர்வு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றியே நாம் பேசுவோம் என்று அன்பர்கள் எதிர்பார்த்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பொதுக் கழிப்பிடம். விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பேசத்தகாதது என்று ஒதுக்கி வைத்தமையாலேயே இது இன்றளவும் தீராத குறையாக இருந்து வருகின்றது என்பது நம் கருத்து. இது கல்வியைப் பற்றிய பேச்சும் ஆகும். எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கரும்பு நின்ற காலமும் வெட்டிய காலமும்

நாம் சிறுவராயிருந்த காலத்தை முதற்கண் நினைவுகூர்கின்றோம். பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட இந்நிலப்பகுதி கரும்புக்குப் பெயர் பெற்றது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு செல்லும். நம் தெருத் தாய்மார்கள் விடியுமுன் எழுந்து கொல்லைக்குச் செல்வர். தவறினால் பொழுது சாய்ந்து இருட்டும்வரை காத்திருப்பர். பகலில் வயிறு நொந்தாலும் பொறுத்துக்கொள்வர். கரும்பு ஆளுயரம் நிற்கும் மாதங்களில் மறைவு உண்டு, பாம்பும் உண்டு. வெட்டி முடிந்தபின் பாம்பு இல்லை, மறைவும் இல்லை. நிலமும் நமதன்று. நிலத்துக்கு உரியவர் கண்டு ஏசினால் தலைகுனிந்து திரும்ப வேண்டும். நிலமற்றவர்க்கு உழுவதற்கு மட்டுமா நிலம் இல்லை? இயற்கைக் கடனைக் கழிப்பதற்கும் பிறர் நிலத்தையே நாட வேண்டியிருந்தது.

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் நூற்றுக்கு 23 வீடுகளில்தான் கழிப்பறை இருந்தது. அனைத்திந்திய ஊரகங்களில் அது நூற்றுக்கு 31. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஊரக வீடுகளுள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவற்றில் மின்விளக்கு எரிந்தது. விளக்கில் முன்னின்ற நாம் கழிப்பறையில் பின்தங்கினோம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற தூய்மை இந்தியா இயக்கத்தின் வாயிலாக வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் மானியம் கிடைத்து, பல இலட்சம் வீடுகளில் கழிப்பறை எழுந்தது உண்மை. எனினும் நம் தெருக்களில் இரண்டு சென்ட் மனையில் மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. குழி தோண்ட இடமில்லாதவர்க்கு மானியம் இருந்தும் பயனில்லை. அத்தகையோர்க்குப் பொதுக் கழிப்பிடம் ஒன்றே வழி. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்க்கும், சந்தைக்கு வருபவர்க்கும், வயலில் நாள் முழுதும் களை எடுக்கும் பெண்களுக்கும் அஃதே வழி.

இதன் விளைவைப் பள்ளியில் நாள்தோறும் காண்கின்றோம். வெளியில் கழிக்கப்பட்ட மலத்திலிருந்து கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் பொரிந்து, வெறுங்காலால் நடக்கும் பிள்ளையின் தோலைத் துளைத்து உட்செல்கின்றன. குடலைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றன. சோகை பிடித்த பிள்ளை வகுப்பில் உறங்குகின்றான். அவனை நாம் சோம்பேறி என்கின்றோம். ஆண்டுக்கு இரு முறை பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கின்றோம். ஆயினும் மண் தூய்மையடையாத வரையில் அதே புழு மீண்டும் ஏறுகின்றது. மாணவியரோ காலையிலிருந்து தண்ணீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். மாதவிலக்கு நாள்களில் பள்ளிக்கு வருவதில்லை. மாதத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டாலும், பத்து மாதப் பள்ளியாண்டில் முப்பது நாள்களை ஒரு மாணவி இழக்கின்றாள். கணக்குப் பாடத்தில் அவள் ஏன் பின்தங்கினாள் என்று நாம் வினவுகின்றோம். கழிப்பிடம் பற்றிய பேச்சு கல்வி பற்றிய பேச்சே என்று முன்னர்க் கூறியது இதனால்தான்.

கட்டினர், திறந்தனர், பூட்டினர்

பொதுக் கழிப்பிடம் கட்டப்படவில்லை என்று நாம் குறை கூற இயலாது. 2001ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஊராட்சிதோறும் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகம் கட்டப்பெற்றது. மாநிலம் முழுவதும் 12,000க்கும் மேற்பட்ட வளாகங்கள். கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் அறை ஆகியன ஒரே சுற்றுச்சுவருக்குள் அமைந்தன. நல்ல திட்டம். ஆயினும் பத்தாண்டுகள் நிறைவதற்குள், 2011-12ஆம் ஆண்டில், அவற்றைப் பெரும் பொருட்செலவில் மீண்டும் பழுதுபார்த்துத் திறக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. கட்டுவதற்கு நிதி ஒதுக்கியவர்கள், அன்றாடம் கழுவுவதற்கு யார், எந்தப் பணத்தில் என்பதைத் தீர எண்ணவில்லை என்பதே இதன் பொருள்.

இவ்வட்டாரத்து ஊர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகின்றோம். ஊரின் பெயர் வேண்டா. நம் மக்கள் வாழும் தெருவையொட்டி வளாகம் எழுந்தது. சில மாதங்கள் நன்கு நடந்தது. பின்னர் மோட்டாரின் கண்டென்சர் பழுதுற்றது. அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். அந்தச் சில நூறு ரூபாயை யார் கொடுப்பது என்பதில் மாதங்கள் கழிந்தன. தண்ணீர் நின்றது, நாற்றம் எழுந்தது. அப்போது நம் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மையாரை அழைத்து, வாளியும் துடைப்பமும் கொடுத்து, நீதான் தூய்மை செய்ய வேண்டும் என்றனர். கையுறை இல்லை, காலணி இல்லை, பணி ஆணை இல்லை, மாதத்துக்கு ஏதோ ஒரு சிறு தொகை. ஊரில் எத்தனையோ ஏழைப் பெண்கள் இருந்தனர். அவர்களுள் எவரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்னும் எண்ணமே எழவில்லை.

அவ்வம்மையாரின் மகன் ஏழாம் வகுப்பில் பயின்றான். உடன் பயிலும் பிள்ளை ஒருவன் அவன் தாயின் வேலையைச் சுட்டி ஒரு சொல் சொன்னான். அன்று மாலை அம்மையார் துடைப்பத்தை வளாகத்தின் உள்ளே போட்டுவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் கதவு பூட்டப்பட்டது.

இரு தரப்பும் மெய்யே

அதன்பின் தெருவில் கூட்டம் கூடிற்று. நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். படித்த இளைஞர் ஒருவர் எழுந்து, இவ்வேலைக்கு நம் தெருவிலிருந்து இனி ஒருவரும் போகக்கூடாது, கழிப்பிடம் பூட்டியே கிடக்கட்டும் என்றார். பலர் ஆமோதித்தனர். அப்போது வயது முதிர்ந்த ஒரு தாய், பூட்டிவிட்டால் இராத்திரியில் நாங்கள் எங்கே போவது தம்பி, கரும்பையும் வெட்டிவிட்டார்களே என்றார். கூட்டம் அமைதியாயிற்று.

அன்பர்களே, அவ்விளைஞர் கூறியதும் மெய். அம்மூதாட்டி கூறியதும் மெய். ஒன்று தன்மானத்தின் குரல். மற்றொன்று தேவையின் குரல். அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது சாதி. நம் பெண்களுக்குக் கழிப்பிடம் வேண்டுமாயின் நம்மவரே அதைக் கழுவ வேண்டும். கழுவ மறுத்தால் கழிப்பிடம் இல்லை. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்கின்றது அது. இந்தத் தேர்வே பொய்யானது என்பதைத்தான் இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில், சாதி என்பது தொழிலைப் பகுப்பதன்று, தொழிலாளரையே மேல்கீழாகப் பகுப்பது என்று விளக்கினார். மலம் அள்ளுதலைப் புனிதத் தொண்டு என்று புகழ்ந்து, அதைச் செய்பவரை அதிலேயே இருத்தி வைக்கும் போக்கை 1945ஆம் ஆண்டு நூலில் கடுமையாகக் கண்டித்தார். புகழுரை கூலியை உயர்த்துவதில்லை. பணியாளரின் மகனைப் பள்ளிக்கு அனுப்புவதும் இல்லை. எனவே, தூய்மைப் பணி உயர்ந்தது, ஆகவே நீங்களே செய்யுங்கள் என்று எவரேனும் நம்மிடம் கூறினால், உயர்ந்ததாயின் நீங்களும் வாருங்கள் என்று பணிவுடன் அழைப்போமாக.

நம் பிழையையும் கூறுவோம்

பிறர் குறை கூறும் முன் நம் குறையைக் கூறுதல் ஆசிரியர்க்கு அழகு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆய்வுக்கு அலுவலர் வரும் நாளில் மாணவர் கழிப்பறை அடைத்துக்கொண்டது. பணியாளர் எவரும் இல்லை. அவசரத்தில், வாளியில் தண்ணீர் எடுத்துச் சென்று ஊற்றுமாறு இரு மாணவர்களை நோக்கிக் கை காட்டினோம். மாலையில் வீட்டுக்கு மிதிவண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது: நாற்பது பேர் அமர்ந்திருந்த வகுப்பில் நம் கை சுட்டிய இருவரும் நம் தெருப் பிள்ளைகளே. எவரும் நம்மை வற்புறுத்தவில்லை. நம் சமுதாயத்தில் பிறந்து, பட்டம் பெற்று, ஆசிரியராக நின்ற நம் கையே பழகிய திசையில் நீண்டது. மறுநாள் அப்பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர்களோ, பரவாயில்லை ஐயா என்றனர். அந்தப் ‘பரவாயில்லை’ இன்றும் நம்மை உறுத்துகின்றது. பட்டியல் இனத்து மாணவர்களைக் கொண்டு கழிப்பறையைத் தூய்மை செய்யச் சொன்ன செய்திகள் பிற்காலத்திலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலிருந்து நாளிதழ்களில் வெளிவந்துள்ளன. அவற்றைப் படிக்குந்தோறும் நம் கையையும் நாம் நோக்கிக்கொள்கின்றோம்.

சட்டம் என்ன கூறுகின்றது?

இளைஞர்கள் சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். 1993ஆம் ஆண்டு உலர் கழிப்பிடங்களைக் கட்டுவதும் மலம் அள்ளுவோரை அமர்த்துவதும் தடை செய்யப்பட்டன. அச்சட்டம் ஏட்டளவில் நின்றமையால், 2013ஆம் ஆண்டு விரிவான புதிய சட்டம் இயற்றப்பட்டு, அண்ணலின் நினைவு நாளாகிய அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மலத்தைக் கையால் அகற்ற ஒருவரை அமர்த்தினால் ஓராண்டு வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படும். தக்க பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவரை இறக்கினால் முதன்முறைக் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். தொட்டிக்குள் உயிர்வளி குறைந்து நச்சுவாயு நிறைந்திருக்கும். இறங்கியவர் ஓரிரு மூச்சில் நினைவிழப்பர். காப்பாற்ற இறங்குபவரும் மடிவர். இவ்வாறு மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சு 27ஆம் நாள் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. பணம் உயிருக்கு ஈடாகாது. ஆகவே நம் இளைஞர் எவரும், எவ்வளவு கூலி கொடுத்தாலும், எந்தத் தொட்டியிலும் இறங்கலாகாது. உறிஞ்சு குழாய் பொருத்திய லாரியே அப்பணிக்கு உரியது.

மற்றொரு சட்டமும் உண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பொதுக் கழிப்பிடம் அமைத்தலையும் அதைத் துப்புரவு செய்ய ஏற்பாடு செய்தலையும் ஊராட்சியின் கடமைகளுள் வைத்துள்ளது. கடமை என்று சட்டம் கூறுவதைக் கருணை என்று நாம் கருதுதல் தவறு.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு விடை மகாடில் உள்ளது. மகாடு நகராட்சி சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட 1924இலேயே தீர்மானம் இயற்றிற்று. ஆயினும் தீண்டப்படாதோர் அக்குளத்து நீரை அருந்த இயலவில்லை. 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகியபோதுதான் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அன்று பொதுக் குளம். இன்று பொதுக் கழிப்பிடம். இரண்டிலும் ‘பொது’ என்னும் சொல் நம்மையும் உள்ளடக்கியதே.

இரு சுரங்க நகரங்கள்

நம் இளைஞர் பலர் நெய்வேலிக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்று, சுரங்கத்துடன் திட்டமிட்ட நகரியமும் அங்கு வளர்ந்தது. குடியிருப்பு என்றால் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் மூன்றும் சேர்ந்தவை என்பது அங்கு நியதி. குழாய் அடைத்தால் முறையிட ஓர் அலுவலகம் உண்டு. அதே வெயில், அதே மழை, ஓரிரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவு. அங்குள்ளோர் இயல்பிலேயே தூய்மையானவர், நாம் தூய்மையற்றவர் என்பதன்று வேறுபாடு. அங்குப் பராமரிப்புக்கென்று பொறுப்பும் பணமும் ஆளும் உண்டு, இங்கு இல்லை. நம்மைத் தூய்மையற்றவர் என்று இகழ்வோர்க்கு இதுவே விடை.

சுரங்க நகரமாயினும் சாதி தானாக மறைவதில்லை என்பதற்குக் கோலார் தங்கவயல் சான்று. அந்நகரில் உலர் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்த தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பெஜவாடா வில்சன். பள்ளிப் பருவத்தில் தம் குடும்பத்தின் தொழில் குறித்து இழிவு செய்யப்பட்டவர். அவர் அத்தொழிலைத் தொடரவில்லை. அதை நாட்டிலிருந்தே ஒழிக்க இயக்கம் கண்டார். 2016ஆம் ஆண்டு மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. துடைப்பத்தைக் கீழே போட்ட நம் அம்மையாரின் செயலும் அவர் செயலும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

திருச்சிராப்பள்ளி காட்டும் வழி

பூட்டிய கதவைத் திறக்க இயலும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளி எடுத்துக்காட்டு. 1987இல் தொடங்கப்பெற்ற கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன், 2000ஆம் ஆண்டையொட்டி அந்நகரத்துக் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடங்களின் பொறுப்பை மகளிர் குழுக்கள் ஏற்றன. வாயிலில் ஒரு பெண் அமர்ந்து வில்லை கொடுப்பார்; ஒருவருக்கு ஐம்பது காசு; பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வரவு செலவு ஏட்டில் எழுதப்படும், கூட்டத்தில் படிக்கப்படும். தூய்மை செய்பவருக்கு அவ்வருவாயிலிருந்து ஊதியம். மிச்சப் பணம் தெருவின் நற்பணிகளுக்குச் சென்றது. கல்மந்தை என்னும் குடிசைப் பகுதி 2002இல் திறந்தவெளியில் மலங்கழித்தல் அறவே நீங்கிய பகுதியாக அறிவிக்கப்பெற்றது. அங்குக் கட்டடம் புதிதன்று, பொறுப்பே புதிது. எந்தப் பெண்களுக்கு அது மிகுதியும் தேவையோ, அவர்கள் கையிலேயே சாவி வந்தது.

அதே மாவட்டத்து முசிறியில் வேறொரு முறை கையாளப்பட்டது. காவிரிக் கரையாதலின் நிலத்தடி நீர் மேலே நிற்கும். குழிக் கழிப்பறையின் கழிவு கிணற்றில் கலக்கும். ஆகவே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, மலத்தைச் சாம்பல் தூவி உலர்த்தி எருவாக்கும் கழிப்பிடம் அங்கு அமைக்கப்பட்டது. பயன்படுத்துவோருக்கே ஒரு சிறு தொகை கொடுத்தும் ஊக்குவித்தனர். இரு ஆறுகளுக்கு இடையே வாழும் நமக்கும், மழைக்காலத்தில் ஊற்று மேலே வரும் தெருக்களுக்கு, எத்தகைய கழிப்பிடம் ஏற்றது என்பதைக் கட்டும் முன்னரே கேட்டறிதல் நலம்.

நாம் செய்ய வேண்டுவன

இனிச் செயலுக்கு வருவோம்.

முதலாவது, தண்ணீர். தண்ணீரற்ற கழிப்பிடம் ஒரு வாரத்தில் பாழாகும். சரிவு மிகுந்த ஊரகக் கழிப்புக் கோப்பைக்கு ஒரு முறைக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும். நகரத்துக் கோப்பைக்குப் பத்து லிட்டர் வரை வேண்டும். எதைப் பொருத்துகின்றனர் என்பதைக் கட்டும்போதே இளைஞர்கள் நேரில் சென்று காண வேண்டும்.

இரண்டாவது, பணியாளர். தூய்மை செய்பவர்க்குப் பணி ஆணை, முறையான ஊதியம், நீண்ட பிடியுள்ள தூரிகை, கையுறை, காலணி, வார விடுப்பு ஆகியன வேண்டும். அப்பணிக்குரிய அறிவிப்பு ஊர் முழுவதற்கும் பொதுவாக வெளியிடப்பட வேண்டும். ஒரு தெருவைச் சுட்டி ஆள் கேட்பதை நாம் ஏற்கலாகாது. நம்மவர் ஒருவர் விரும்பி அப்பணியை ஏற்றால் அவரை இழிவாக எண்ணுதலும் கூடாது. பிறப்பால் திணிக்கப்படுவதையே எதிர்க்கின்றோம், உழைப்பவரை அன்று.

மூன்றாவது, குழு. கழிப்பிடத்தைப் பயன்படுத்தும் பெண்கள் பெரும்பான்மையராக உள்ள குழு ஒன்று அமைந்து, சாவியும் ஏடும் அதன் கையில் இருத்தல் வேண்டும். அறுபது குடும்பங்கள் மாதம் இருபது ரூபாய் கொடுத்தால் 1,200 ரூபாய் சேரும். சோப்பு, தூரிகை, மின்விளக்கு, சிறு பழுது ஆகியவற்றுக்கு அது போதும். இனி ஒரு கண்டென்சருக்காகக் கதவைப் பூட்ட வேண்டுவதில்லை. ஆனால் பணியாளர் ஊதியமும் மின் கட்டணமும் பெரும் பழுதும் உள்ளாட்சியின் பொறுப்பே. நம் இருபது ரூபாயைக் காட்டி அவர்கள் தம் கடமையைக் கைவிட இடந்தரலாகாது.

நான்காவது, தொட்டி. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை உறிஞ்சு லாரியை அழைக்க வேண்டும். அடுத்த நாளை இன்றே ஏட்டில் குறித்து வைத்தல் வேண்டும். நிரம்பி வழிந்தபின் ஆளைத் தேடுவதே உயிர்ப்பலிக்கு வழிவகுக்கின்றது. இடமுள்ள வீடுகளில் இரட்டைக் குழிக் கழிப்பறை சிறந்தது. ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றிவிட்டால், ஈராண்டில் முதற்குழியில் உள்ளது மணமற்ற எருவாகிவிடும். அங்கு மலம் அள்ளும் வேலையே இல்லை.

ஐந்தாவது, எழுத்து. கிராம சபை ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகின்றது. ஊராட்சிகளில் வாழ்வோர் அங்குத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூராட்சியில் வாழ்வோர் மன்ற உறுப்பினர் வாயிலாகவும், செயல் அலுவலர்க்கு மனு வாயிலாகவும் கேட்க வேண்டும். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற்றது நிற்கும். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவித்ததன் பயன்களுள் இதுவும் ஒன்றாகட்டும்.

அந்த ஊரில் அவ்வாறே செய்தனர் என்பதையும் கூறி முடிக்கின்றோம். பூட்டட்டும் என்று கூறிய அதே இளைஞர்தான் மனுவை எழுதினார். நம் கருத்துக்கிணங்கி, ஊதியம், கருவி, பொது அறிவிப்பு ஆகிய மூன்றையும் அதில் சேர்த்தார். அம்மூதாட்டி முதற்கையெழுத்துக்குப் பதிலாகத் தம் கைநாட்டை இட்டார். ஓராண்டுக்கும் மேல் அலைந்தபின் கதவு திறந்தது. தூய்மைப் பணிக்கு இருவர் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் வேறு தெருவைச் சேர்ந்தவர். சாதி அதனால் ஒழிந்துவிட்டது என்று நாம் கூற மாட்டோம். அப்பணியாளர் நம் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினார் என்பதையும் மறைக்க மாட்டோம். ஆயினும் ஊதியம் ஒன்றாயிற்று, கையுறை ஒன்றாயிற்று, இந்த வேலைக்கு இந்தத் தெரு என்னும் பழைய வழக்கு அந்த ஊரில் ஒரு முறை முறிந்தது. ஒரு முறை முறிந்ததை மறுமுறையும் முறிக்கலாம்.

நம் தென்னார்க்காட்டு மண்ணில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, நம் பிள்ளைகள் அமர்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் முன் நின்ற வினா. காட்டுமன்னார்கோயில் தந்த இளையபெருமாள் அவர்கள், நாடெங்கும் தீண்டாமை நிலவும் விதத்தை ஆராய்ந்து 1969இல் அறிக்கை அளித்தபோது, நம் மக்கள் மனிதராய் நடத்தப்பட வேண்டும் என்பதே வினா. அவர்கள் வழியில் வந்த நமக்கு இன்று எஞ்சியுள்ள வினா மிகச் சிறியதாகத் தோன்றும்: நம் தாயும் தங்கையும் இருட்டுக்குக் காத்திராமல், எவர் நிலத்தையும் நாடாமல், எவர் தலையிலும் இழிவைச் சுமத்தாமல், ஒரு கதவைச் சாத்திக்கொள்ள இயலுமா?

இயலும். இன்று வீடு திரும்பும் வழியில் உங்கள் தெருக் கழிப்பிடத்தின் முன் சற்று நில்லுங்கள். கதவு திறந்துள்ளதா, தண்ணீர் வருகின்றதா, விளக்கு எரிகின்றதா, தூய்மை செய்பவர் யார், அவருக்கு என்ன ஊதியம் என்பனவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அத்தாளுடன் வாருங்கள். மனுவை நாம் சேர்ந்து எழுதுவோம்.